ஹாமில்டன்ஸ்டோவரே கூட்டமாகப் பாயும் நாய் அல்ல

“ஹாமில்டன்ஸ்டோவரே கூட்டமாகப் பாய்ந்து இரையைக் குதறும் நாய், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு.

இது ஸ்வீடனின் வேட்டை நாய் இனம். அங்கே இதைப் பெரும்பாலும் தனியாகத்தான் வேட்டைக்கு அழைத்துப் போகிறார்கள். முயல் அல்லது நரியின் மோப்பத்தைப் பிடித்து, விடாமல் குரைத்தபடி காட்டுக்குள் துரத்தும். அந்தக் குரலை வைத்தே இரை எந்தப் பக்கம் வருகிறது என்று கணித்து வேட்டைக்காரர் காத்திருப்பார். சுடுவது அவர் வேலை. குதறுவதற்காக வளர்க்கப்பட்ட இனமே இல்லை இது. ஸ்வீடிஷ் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அடோல்ஃப் பாட்ரிக் ஹாமில்டன் உருவாக்கியது. 1921இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். குணம் சாந்தமானது, குழந்தைகளோடும் பொதுவாக நன்றாகப் பழகும். சிறு குழந்தையோடு தனியே விடக்கூடாது என்பது எந்த நாய்க்கும் உள்ள விதிதான்.

சரி, சிரமமே இல்லையா என்றால், இருக்கிறது. மோப்பம் கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. வேலி இல்லாத இடத்தில் வாரை அவிழ்க்காதீர்கள். ஸ்வீடனிலேயே மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை, காட்டு விலங்குகள் உள்ள இடங்களில் நாய்களைத் திரியவிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்புறம் அந்தக் குரல்! காட்டில் வெகுதூரம் கேட்க வேண்டிய குரல், அடுக்குமாடி வீட்டில் சுவரைத் தாண்டிப் போகும். தினமும் நீண்ட நடை இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகக் குரைக்கும். வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.