தொடையில் தங்கிய இரும்பு

குண்டு பட்டால் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்லும் அளவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிவரும் பகுதி இது. ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்கள், ஓட்டம் முடிந்ததும் என் மளிகைக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன், "பெரீப்பா, குண்டு பட்டா இன்னா மாதிரி இருக்கும்?" என்று கேட்டான். வழக்கம்போல ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போகிறவன். அவனுக்கு முழுப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

2001-ஆம் ஆண்டு, காஷ்மீரின் குப்வாரா மாவட்டத்துக் காட்டில் எனக்குக் குண்டு பட்டது. சத்தம் கேட்கவில்லை. ஏ.கே. 47 துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் பாயும், ஒலியோ ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், சத்தம் காதுக்கு வருவதற்குள் குண்டு உடம்புக்குள் வந்துவிடுகிறது. உலக்கையை ஓங்கி யாரோ இடது தொடையில் இறக்கியது போல் இருந்தது, அவ்வளவுதான். வலி இல்லை. கால் வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழப் பார்த்தேன்; கால் என் சொல்லைக் கேட்கவில்லை. அதன் பிறகுதான் பூட்ஸுக்குள் வெதுவெதுவென்று ஏதோ நிரம்புவது தெரிந்தது. ஓடையில் கால் வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் ஓடை எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வருவதற்குள், உடனிருந்த மராட்டிய வீரர் என் சட்டைப் பையிலிருந்த கட்டுத்துணியை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தாகம் எடுத்தது. அப்படி ஒரு தாகத்தை நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில்கூட நான் அறிந்ததில்லை.

குண்டு எலும்பைச் சிதைத்து, பாதம் வரை செல்லும் பெரிய நரம்பைக் குதறி, பெரிய ரத்தக்குழாயை ஒரு விரற்கடை தூரத்தில் விட்டுவைத்திருந்தது. அந்த ஒரு விரற்கடைதான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

ராணுவ மருத்துவமனையில் கண் விழித்தபோது புண்ணைத் தைக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். நான் பிழைக்க மாட்டேன் என்று கைவிட்டுவிட்டார்கள் என்றே முடிவு செய்துகொண்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் கிடந்தேன். ஒரு மலையாளத்துச் சிஸ்டர்தான் கட்டு மாற்றும்போது விளக்கினார். வேகமாகப் பாயும் குண்டு தன் பருமனைப் போலப் பல மடங்கு சதையை ஒரு கணம் பிளந்து விரிக்கிறது. அந்தக் கணத்தில் கால்சட்டைத் துணியின் நூலும் மண்ணும் உள்ளே இழுக்கப்படுகின்றன. குண்டின் சூட்டில் கிருமி செத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அதனால் செத்த சதையை வெட்டி நீக்கி, சில நாள் திறந்தே வைத்து, சுத்தமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே தைப்பார்கள். பிறகு தொடை எலும்பில் வெளியிலிருந்தே கம்பிகளைச் செருகி, அவற்றை ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டினார்கள். அந்தச் சட்டத்தோடு பல மாதங்கள் கழிந்தன.

சினிமாவில் இடுக்கியால் குண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் 'டங்' என்று போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது. உண்மையில் பல நேரங்களில் குண்டை எடுப்பதே இல்லை. அது போன பாதையில் செய்துவிட்ட நாசம்தான் நோய். எடுக்கப் போனால் இன்னும் நரம்பு அறுபடும் என்றால் துண்டுகளை உள்ளேயே விட்டுவிடுவார்கள். என் தொடையில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, 'உடம்பில் உலோகம் ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் உண்டு என்று எழுதினேன். அந்த வகைக் குண்டின் உள்ளே எஃகு இருக்கும், காந்தம் அதை இழுக்கக்கூடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். ஆனால் என்னைச் சுட்டவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவன் விட்டுச்சென்ற இரும்பு இன்றைக்கும் என் மருத்துவத்தைத் தீர்மானிக்கிறது.

வலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குண்டு பட்டபோது இல்லாத வலி ஆறாவது வாரத்தில் வந்தது, புண் இருந்த தொடையில் அல்ல, உள்ளங்காலில். மிளகாயை அரைத்துப் பூசி அனலில் காட்டியது போல் எரியும். போர்வையின் நுனி பட்டால் உயிர் போகும். உள்ளங்காலில் காயமே இல்லாததால் நான் நடிக்கிறேன் என்று பக்கத்துக் கட்டில்காரர் நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே அது புரியவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், துப்பாக்கிக் குண்டால் நரம்பு சிதைந்த வீரர்களிடம் இதே எரிச்சலை வெயர் மிட்செல் என்ற மருத்துவர் கண்டு எழுதியிருக்கிறார். அந்த வீரர்கள் எரியும் கையையோ காலையோ காயவே விடாமல் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருப்பார்களாம். அதைப் படித்த அன்று நான் அழுதேன். ஏனென்றால் சித்திரை, வைகாசியில் ஈரத்துண்டைக் காலில் சுற்றிக்கொண்டுதான் நான் இன்றும் தூங்குகிறேன். அதை என் மனைவி தவிர யாரும் அறியமாட்டார்கள்.

நம் மொழியில் உயிர் தப்புவதையும் பிழைத்தல் என்கிறோம், வயிறு வளர்ப்பதையும் பிழைப்பு என்கிறோம். எனக்கு முதலாவது சில வாரங்களில் முடிந்தது. இரண்டாவது முடியவே இல்லை. ஊருக்குத் திரும்பிய பின், எங்கள் பக்கத்து முன்னாள் வீரர்கள் பலரைப் போல நானும் காவல் வேலைக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாத ஆள் வேண்டாம் என்றார்கள். அதே மாதத்தில், ஊனத்துக்கான சலுகை ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்றார். பாதம் தொங்கிவிடாமல் இருக்க நான் காலணிக்குள் அணிந்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். வைத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

1999 கார்கில் போரில் நம் தரப்பில் உயிர் நீத்தவர்கள் 527 பேர், காயமடைந்தவர்கள் 1363 பேர் என்பது அரசு தந்த கணக்கு. முதல் எண்ணுக்கு ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று மலர்வளையம் வைக்கிறோம்; வைக்கத்தான் வேண்டும். என்னோடு அந்தக் காட்டில் விழுந்து திரும்பி வராத ஒருவனுக்காக நான் தினமும் விளக்கேற்றுகிறேன். அவனுக்குப் பதில் நான் ஏன் என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகளில் விடை கிடைக்கவில்லை. என் வருத்தம் இரண்டாவது எண்ணைப் பற்றியது. செய்தியில் 'காயமடைந்தனர்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை தொங்கும் பாதங்கள், எத்தனை எரியும் உள்ளங்கைகள், தூக்கத்தில் கதவைப் பார்த்தே படுக்கும் எத்தனை கணவர்கள் என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டதை நம்மில் எல்லோரும் அறிவோம். கழுத்துக் கட்டோடு இருந்த அவருடைய படம் சுவரொட்டியானது, பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார் என்று வெற்றிக் கதையாகவே அதைச் சொல்கிறோம். குண்டு அவர் குரலை மாற்றிவிட்டது. மேடைகளில் பலர் அவரைப் போலப் பேசிக் காட்டுவது அந்தக் காயத்தின் குரலைத்தான், கூட்டம் அதற்குக் கைதட்டிச் சிரிக்கிறது. நான் கட்சிக்காரன் அல்ல. ஆனால் பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர், தன் பழைய குரல் போன பிறகு தினமும் வாயைத் திறந்து பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பது அடிபட்டவனுக்குத்தான் தெரியும். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை.

எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது நம் வேலூர்தான். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்று ஓர் இடத்தை உருவாக்கினார். உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவம் முடிவதில்லை என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர். ஊருக்கு ஊர் அப்படி ஓர் இடம் இருந்தால் அந்த 1363 பேரில் எத்தனை பேருக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, வெடிச் சத்தம். தீபாவளியை நான் சமாளித்துவிடுவேன், ஏனென்றால் அது வரும் நாள் தெரியும். எங்கள் பக்கத்தில் சாவு எடுக்கும்போதும் மேளத்தோடு வெடி போடும் வழக்கம் உண்டு. அது எந்தத் தெருவிலிருந்து எப்போது வரும் என்று தெரியாது. ஒருமுறை கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது வாசலிலேயே வெடித்தது. கண் திறந்தபோது நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தேன், எதிரில் ஒரு சின்னப் பெண் காசை நீட்டியபடி பயந்து நின்றிருந்தாள்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி காலமானார். மதியம் அவருடைய பேரன், போன வாரம் கேள்வி கேட்ட அதே பையன்தான், கடைக்கு வந்து, "பெரீப்பா, மூணு மணிக்கு எடுக்கிறோம். நம்ம தெரு தாண்டித்தான் வெடி வைக்கச் சொல்லியிருக்கேன், ஆனாலும் சத்தம் கேக்கும்" என்றான். இரண்டரை மணிக்கு மனைவி சன்னல்களைச் சாத்தினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வந்தபோது எண்ணிக்கொண்டே இருந்தேன்.