தையல்ல கால் ரூவா குறைச்சுப் போடுப்பா

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். வங்கதேசத்துத் தையல் ஆலை, வரிசையாக மிஷின்கள், தலை நிமிராத பெண்கள். கூடவே ஒரு வரி: "நல்லவேளை, நம்ம ஊர்ல இந்தக் கொடுமை இல்ல." நண்பருக்கு மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் வீடு. அவர் தெருவிலேயே நாலு வீட்டில் மிஷின் ஓடுகிறது.

எங்கள் வீட்டிலும் ஓடியது. அம்மா உள்பாவாடை தைத்தார். வெட்டிய துணியை மூட்டையாகக் கட்டி ஏஜெண்டு வண்டியில் கொண்டுவந்து வாசல்படியில் இறக்கிவிட்டுப் போவார். 2009-இல் ஒரு பாவாடைக்கு நாலரை ரூபாய். நூல் அம்மா காசு, ஊசி அம்மா காசு, மோட்டாருக்கு ஓடும் கரண்டும் எங்கள் மீட்டரில்தான். பிசிறு வெட்டுவது பாட்டி. நாடா கோப்பது நானும் தங்கச்சியும். நாடா முனையில் ஊக்கைக் குத்தி, இடுப்புப் பட்டிக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளி மறுமுனையில் எடுக்க வேண்டும். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டால் விரலில் ஏறும். ரத்தம் துணியில் படக்கூடாது, பட்டால் அந்தப் பீஸ் கழிவு. கழித்த பாவாடைக்குக் கூலி கிடையாது, பாவாடையும் திரும்பி வராது. நாலரை ரூபாயில் நாலு பேர் உழைப்பு இருந்தது. ஏஜெண்டு நோட்டில் அம்மா பெயர் மட்டும்தான்.

கம்பெனி என்றால் கேட் இருக்கும், என்றைக்காவது ஒரு அதிகாரி வந்து எட்டிப் பார்ப்பார். எங்கள் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனியை யார் வந்து பார்ப்பது?

பிளஸ் டூ முடித்ததும் விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா தைத்தது அந்தக் கடைக்கு இல்லை, ஆனால் அதே சரக்குதான். 2010 கடைசியில் நூல் விலை தாறுமாறாக ஏறியது தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். துணிக்காரர் விலையை ஏற்றினார், முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். லாரி வாடகை ஏறியது, அதையும் கொடுத்தார். சரக்கு எடுக்கும் வெளியூர்க் கடைக்காரர்கள் மட்டும் பழைய விலைக்கு மேல் ஏற ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானம் முதலாளி கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, "தையல்ல கால் ரூவா குறைச்சுப் போடுப்பா" என்றார். நான் போட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு பாவாடையின் மொத்த வியாபார விலை அப்போது 62 ரூபாய்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் தங்கச்சி காலேஜுக்குப் பணம் கட்ட முன்பணம் கொடுத்தவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். மனசாட்சியை நம்பி இந்த விஷயத்தில் ஒன்றும் நடக்காது. துணிக்காரரும் லாரிக்காரரும் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவர்கள். அம்மாவால் சொல்ல முடியாது. சொன்னால் மூட்டை அடுத்த வீட்டு வாசலில் இறங்கும்.

அப்போ யார் பொறுப்பு? ஏஜெண்டைக் கேட்டால் கடையைக் காட்டுவார். கடைக்காரர் "ஜனங்க கம்மி வெலைக்குத்தானே கேக்குறாக" என்பார். இந்த ஜனங்கள் கதையை நான் ஒத்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மாசி வீதி நெரிசலில் நூறு ரூபாய்க்கு நைட்டி தேடும் அக்காவிடம் போய் நீதான் பொறுப்பு என்பீர்களா? அவரே சாயங்காலம் வீட்டுக்குப் போய் மிஷினில் உட்காருகிறவராக இருக்கலாம். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குச் சட்டை வாங்கினால் தைத்தவருக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாங்கவே மாட்டேன் என்று கிளம்பினால் முதலில் நின்றுபோவது வாசல்படிக்கு வரும் மூட்டைதான்.

என்னைக் கேட்டால், ரேட்டைப் போடுகிறவர்தான் பொறுப்பு. இது ஒன்றும் புரட்சி இல்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கவில்லை என்றால் மேலே இருக்கும் முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. "யாரும் கழுத்தப் புடிச்சுத் தைக்கச் சொல்லலயே" என்பவர்களுக்கும் பழைய பதில் உண்டு. டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டட வேலை செய்தவர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமை தள்ளிக்கொண்டு வந்தாலும் அது கட்டாயம்தான்.

பக்கத்துத் திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்திடம் கேட்டதோடு நிற்கவில்லை, துணி வாங்கும் கம்பெனி வரைக்கும் போனது. 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டு ஆடைக் கம்பெனி கையெழுத்துப் போட்டது, பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. சுவரில் மாட்டிவைக்கும் நன்னடத்தை விதி இல்லை அது, பெண்கள் மேல் வன்முறை நடக்காமல் தடுக்கக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆலைக்குள் தொந்தரவு நடக்கிறதா என்று கண்காணிப்பவர்களாகப் பெண் தொழிலாளர்களே ஆனார்கள். ஒரு பெண் செத்த பிறகுதான் இது வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசாங்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. தையல் தொழிலுக்கு 2014-இல் உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து முதலாளிகள் கோர்ட்டுக்குப் போய், 2016-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு எங்கள் தெரு வீடுகளுக்குள் வந்து நான் பார்க்கவில்லை.

"அந்த வேலையும் இல்லேன்னா?" என்று கேட்பீர்கள். சரிதான். என் ஸ்கூல் பீஸ் அந்த நாலரை ரூபாயில் கட்டியதுதான். ஆனால் அன்றைக்குக் கால் ரூபாய் குறைப்பதற்குப் பதில் ஒரு ரூபாய் ஏற்றியிருந்தால் 62 ரூபாய்ப் பாவாடை 63 ஆகியிருக்கும். அதற்காக உசிலம்பட்டியில் யாரும் பாவாடை கட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

கடை வைத்திருப்பவர்கள் என் நண்பர்கள் லிஸ்ட்டிலேயே பத்துப் பேராவது இருக்கிறீர்கள். தையல் கூலியைக் கடைசியாக எந்த வருஷம் ஏத்துனீங்க? வருஷத்தை மட்டும் சொல்லுங்க, போதும்.