அந்த அல்ஜியர்ஸ் ஓவியம் 1830-ஐக் காட்டுவது அல்ல

வட ஆப்பிரிக்க நகரமான அல்ஜியர்ஸின் புகை சூழ்ந்த துறைமுகம், கரையை ஒட்டிப் போர்க்கப்பல்கள். இந்த ஓவியத்தை, "1830-இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தபோது கப்பலில் இருந்தே வரைந்தது" என்று பகிர்கிறார்கள். இரண்டுமே தவறு.

படத்தில் இருப்பது 1816 ஆகஸ்ட் 27. தாக்கியவை எக்ஸ்மவுத் பிரபு தலைமையிலான பிரிட்டிஷ் கப்பல்களும், உடன் சேர்ந்த டச்சுக் கப்பல்களும். எக்ஸ்மவுத் தன் 'குயீன் ஷார்லட்' கப்பலைத் துறைமுகத் தடுப்புச் சுவரின் முனையிலிருந்து 100 மீட்டர்கூட இல்லாத தூரத்தில் நங்கூரமிட்டு நிறுத்தினார். அவ்வளவு கிட்டத்தில், கோட்டைப் பீரங்கிகளுக்கு நேர் எதிரே! பிற்பகலில் தொடங்கிய குண்டுவீச்சு இரவு வரை ஓயவில்லை. அடிமைகளாக இருந்த 1,000-க்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் விடுவிக்கப்பட்டார்கள். நகரத்தை யாரும் பிடிக்கவில்லை, ஆட்சி 'தே' எனப்பட்ட உள்ளூர்த் தலைவரிடமே இருந்தது.

பிரான்ஸ் வந்தது 14 வருடம் கழித்து. அதன் படை நகருக்கு மேற்கே சிதி ஃபெரூஷில் இறங்கி, தரைவழியாக முன்னேறி, 1830 ஜூலை 5-இல் நகரைப் பிடித்தது.

சரி, கப்பலில் இருந்து வரைந்ததா? ஓவியர் ஜார்ஜ் சேம்பர்ஸ் பிறந்தது 1803-இல். குண்டு விழுந்த அன்று அவருக்கு வயது 12. படத்தை வரைந்தது 1836-இல். சிறு வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனவர் என்பதால்தான் பாய்மரமும் கயிறும் அலையும் அவர் கையில் அவ்வளவு உயிரோடு வருகின்றன. நேரில் பார்த்தவர் என்று நம்பத் தோன்றுவதும் அதனால்தான். மூல ஓவியம் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.