‘நாலு கேள்வியில போச்சு’

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் எந்த ஊர் நூலகத்து வாசிப்பறைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம்: “நாலு கேள்வியில போச்சு.” சொல்பவர்களில் சிலருக்கு அது முழு உண்மை. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஒரே மதிப்பெண்ணில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கும் தேர்வு அது. நாலு என்ன, ஒரே கேள்வியில் வேலையைத் தவறவிட்டவர்களும் உண்டு. ஆனால் வாசிப்பறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நாலு கேள்வியில் போயிருக்க முடியாது. பல பேருக்கு நாற்பது கேள்வியில் போயிருக்கும். வீட்டில் சொல்வதற்காக நாற்பதை நாலாக்கியிருப்பார்கள். அதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அடுத்த மாதம் மறுபடி படிக்க உட்காரும்போதும் நாலுதான் என்று நம்பிக்கொண்டே உட்காருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரித் தேர்வு நடத்தும் நண்பர்களோடு சில வருடங்களாக நானும் இருக்கிறேன். வினாத்தாள் எடுப்பது, திருத்துவது, அப்புறம் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுவது என் பங்கு. அந்தப் பேச்சில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், ஆனாலும் இந்தக் கணக்கில் நேர்மையாக உழைத்தவர்களிலும் பெரும்பாலோர் வெளியே நிற்கத்தான் நேரும். “ஒழுங்கா படிச்சிருந்தா கிடைச்சிருக்கும்” என்று கல்யாண வீட்டில் போகிற போக்கில் சொல்லும் உறவினர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். தேர்வில் தோற்றவர்களைக் குறை சொல்வது என் நோக்கமே இல்லை. பல வருடம் படித்தும் முதல் வருடம் நின்ற இடத்திலேயே நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாதபடி அவர்களே மறைத்துவைத்திருக்கிறார்கள்.

எப்படி மறைப்பது? சின்னச் சின்னதாகத்தான். மூன்று மணி நேரத் தேர்வை வீட்டில் எழுதும்போது நடுவில் சாப்பிட எழுந்து, மீதியை மாலையில் எழுதுவது. விடை திருத்தும்போது தப்பாகப் போட்டதைப் பார்த்து, “இது தெரிஞ்சதுதான், அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்” என்று சரிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. காலை ஒன்பது மணிக்கு நூலகத்துக்கு வந்து இரவு எட்டு மணிக்குப் போனால் பதினோரு மணி நேரம் படித்ததாக எழுதி வைப்பது. அதில் டீக்கடையும் கைபேசியும் எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. டெலிகிராமில் வந்த பிடிஎஃப்களை இறக்கி வைத்துவிட்டு நடப்பு நிகழ்வுகள் முடிந்ததாக நினைப்பது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய பொய் இல்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒருவருக்குத் தன்னைப் பற்றிக் கிடைக்கக்கூடிய ஒரே சரியான தகவலை அழித்துவிடுகின்றன.

தேர்வாணையத்தின் விடைத்தாளில் நாலு விடைகளுக்கான வட்டங்களோடு ஆங்கில ‘இ’ (E) என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் இருப்பது எழுதியவர்களுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த மோசடி அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும் மையால் விடைகளைக் குறித்திருந்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். காலியாக விட்ட வட்டங்களைப் பிறகு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்று அதன் பின் வந்த ஏற்பாடுதான் ‘இ’. விடை தெரியவில்லை என்றால் அதை நிரப்ப வேண்டும்.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வு என்பதால் ‘இ’யை நிரப்புவோர் குறைவு. தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைப் போட்டால் நாலில் ஒன்று சரியாக வாய்ப்பு உண்டு. தேர்வறையில் அதுதான் புத்திசாலித்தனம், நானும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆனால் வீட்டில் பயிற்சிக்கு எழுதும்போதும் அதையே செய்து, குருட்டாம்போக்கில் விழுந்த விடைகளையும் தன் அறிவுக் கணக்கில் வரவு வைத்தால் கதை வேறு. 200 கேள்வியில் 150 சரி என்று ஒருவர் சொல்கிறார். தெரியாததையெல்லாம் ஊகித்துப் போட்டவர் என்றால், உண்மையில் அவருக்குத் தெரிந்தது ஏறக்குறைய 133தான். மீதி 67ஐ ஊகித்ததில் 17 விழுந்திருக்கும். 150 என்று நினைத்துக்கொண்டு படிப்பவரும் 133 என்று தெரிந்துகொண்டு படிப்பவரும் நாளைக் காலை திறக்கப்போகும் புத்தகமே வேறு.

இதைச் சொன்னபோது ஒரு தம்பி நம்பவில்லை. அன்று அவனுக்கு 148 கேள்வி சரியாக வந்திருந்தது, சந்தோஷமாக இருந்தான். “அக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளினா போதும், இந்த வருஷம் உறுதி” என்றான். அடுத்த ஞாயிறு ஒரு வேலை கொடுத்தேன். ஊகித்துப் போடும் ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சரியான விடைகள் மறுபடியும் 148. புள்ளி வைத்தவை 64. அவற்றில் 17 சரி. “தெரியும்” என்று போட்ட 136இல் 131 சரி, 5 தப்பு.

அவன் 131 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த ஐந்தைக் காட்டினேன். என்னைக் கேட்டால் அந்த வினாத்தாளிலேயே மதிப்புள்ளவை அவைதான். ஊகித்துத் தப்பானது வெறும் தெரியாமை, படித்தால் சரியாகிவிடும். தெரியும் என்று உறுதியாக நம்பித் தப்பானது அப்படியில்லை. அதை அவன் இனி புத்தகத்தில் தேடவே மாட்டான், ஏனென்றால் அது அவனுக்கு ‘முடிந்த பாடம்’. அந்த ஐந்தில் இரண்டு, எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நேரடியாக இருப்பவை. பல தடவை வாசித்த பக்கம்தான் என்றான். வாசித்திருப்பான், சந்தேகமே இல்லை.

வாசிப்பதற்கும் தெரிவதற்கும் உள்ள இந்த இடைவெளியை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 40. ஆனால் “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிகம் நம்பியவர்கள் அந்த 40 சதவீதக் குழுவினர். பழகிய பக்கம் கண்ணுக்குத் தெரிந்த முகமாக இருக்கிறது, அதையே அறிவு என்று மனசு எடுத்துக்கொள்கிறது. இங்கே யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது கூச்சமாகவும் வலியாகவும் இருக்கிறது, திரும்ப வாசிப்பது இதமாக இருக்கிறது. இதமானதைச் செய்துவிட்டு அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

2011இல் வந்த இன்னொரு ஆய்வில், தேர்வுத் தாளின் அடியிலேயே விடைகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். பார்த்து எழுதியவர்கள் இயல்பாகவே அதிக மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்த தேர்வில் விடை இருக்காது என்பது தெரிந்தும், அதிலும் அதே மாதிரி வாங்குவோம் என்று கணித்தார்கள். சரியாகக் கணித்தால் பணம் என்று சொன்ன பிறகும் கணிப்பு இறங்கவில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை எழுதிய நால்வரில் இருவர் பங்கேற்ற வேறொரு கட்டுரை, அதுவும் நேர்மையைப் பற்றியது, அதன் தரவில் மோசடி இருந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இந்த ஆய்வை மட்டும் வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன். ஆனால் ஆன்சர் கீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளை ஞாயிறுதோறும் பார்ப்பதால், அதில் சொன்னது எனக்குப் புதிதாகவும் இல்லை.

ஏமாற்றிக்கொள்வது என்றால் தன்னை உயர்த்திச் சொல்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். தாழ்த்திச் சொல்வதும் அதே வேலையைச் செய்கிறது. “எனக்கு மேத்ஸ் வராது” என்பதை எத்தனை பேர் எவ்வளவு பணிவாகச் சொல்கிறார்கள்! குரூப் 4இல் கணக்கும் நுண்ணறிவும் சேர்ந்து 25 கேள்விகள், முப்பத்தேழரை மதிப்பெண். பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்குள் அடங்கும் கணக்குகள்: தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், வேலையும் நேரமும். மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறையை நொடியில் சொல்லும் பெண், தனிவட்டிக் கணக்கு தனக்கு வராது என்கிறாள். வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முயற்சி செய்ய வேண்டாம், முயன்று தோற்கவும் வேண்டாம். இந்தப் பொய்யை யாரும் பொய் என்று பிடிப்பதில்லை. பார்ப்பதற்கு அடக்கம் மாதிரி இருக்கிறது, அதனால் இதுதான் அதிக நாள் தங்குகிறது.

சரி, இதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் தவறு மட்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. உண்மையைச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டுமே. வீட்டில் அப்பா கேட்பது “என்னப்பா, இந்தத் தடவை கிடைச்சிருமா?” என்ற ஒரே கேள்வி. அதற்கு “தெரியலப்பா, எனக்கு இன்னும் பாதிப் பாடம் பிடிபடல” என்று பதில் சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். அதனால் “கிடைச்சிரும்பா” என்கிறான். சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்கு ஏற்ற மாதிரி தன்னையும் நம்பவைத்துக்கொள்கிறான், இல்லாவிட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. அடுத்தவருக்குச் சொன்ன பொய்யைச் சுமப்பது கஷ்டம். அதைத் தானே நம்பிவிட்டால் சுமை குறைகிறது. தன்னை ஏமாற்றிக்கொள்வது பெரும்பாலும் இப்படி வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

பயிற்சி மையங்களும் இதில் கைகோக்கின்றன. ஒரே வெற்றியாளரின் படம் நாலு மையங்களின் பேனரில் சிரிப்பதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பயிற்சி மையங்களின் ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்க ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனியாக வழிகாட்டு நெறிகளே வெளியிட வேண்டியிருந்தது. தன் வெற்றிக் கணக்கையே ஊதிக் காட்டும் இடத்தில் சேரும் பையனுக்கு, “உன் கணக்கை நேர்மையாக வை” என்று யார் சொல்லித் தருவார்கள்?

அந்தத் தம்பி இன்னும் தேர்வாகவில்லை. அதற்குள் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டான், காலையில் இரண்டு மணி நேரம்தான் படிக்கிறான். புள்ளி வைப்பதை விடவில்லை. 148 என்பது இடையில் 139க்குக்கூட இறங்கியது. புள்ளி இல்லாத சரி விடைகள் மட்டும் மெதுவாக ஏறி வருகின்றன. அவனே ஒரு நோட்டில் அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதி வருகிறான், மொத்த மதிப்பெண்ணை எழுதுவதில்லை. இது அவனுக்கு வேலை வாங்கித் தருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாடம் தனக்குப் பிடிபடவில்லை என்று கேட்டால் இப்போது உடனே சொல்கிறான், குரல் தழையாமல் சொல்கிறான். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பழக்கம் அவனோடு போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்தால் “எவ்வளவு மார்க்?” என்று கேட்காதீர்கள். “எதெல்லாம் தெரியாம போட்ட?” என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டு, சாப்பாடு போடுங்கள்.