சளி பச்சையானால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது தவறு

"சளி பச்சையா மாறினா பாக்டீரியா வந்துடுச்சுன்னு அர்த்தம், மெடிக்கல்ல அசித்ரோமைசின் 3 நாள் வாங்கிப் போடுங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தப் பச்சை நிறம் நம் உடம்பிலிருந்தே வருவது. கிருமியை எதிர்க்க மூக்குக்குள் திரளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களில் இரும்புச்சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. சாதாரண ஜலதோஷத்திலும் முதலில் தண்ணீராக ஒழுகும் சளி, இரண்டு மூன்று நாளில் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பிறகு தானாகவே தெளியும். காரணம் வைரஸ், பெரும்பாலும் ரைனோவைரஸ். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக், வைரஸ் மேல் அது வேலை செய்யாது. மிஞ்சுவது வயிற்றுப்போக்கும், நாளைக்கு உண்மையிலேயே மருந்து தேவைப்படும்போது அதற்கு அடங்காத பாக்டீரியாவும்தான்.

மருத்துவர்கள் நிறத்தைவிட நாட்களைத்தான் கவனிப்பார்கள். 10 நாளாகியும் குறையவில்லை, குறைந்து வந்தது திடீரென்று அதிகமாகிறது, 102 டிகிரி காய்ச்சலோடு கன்னம், நெற்றியில் வலி தொடர்கிறது என்றால் சைனஸ் தொற்றா என்று பார்ப்பார்கள். மூச்சுத்திணறல் இருந்தால் நாள் கணக்கே பார்க்காமல் உடனே போங்கள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சகஜம்.

அதுவரை ஓய்வு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. வீட்டில் பாதி மீந்த பாட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள்.