முருங்கைக்காய், எட்டாம் பதிப்பு

ஜூலை 15. மாசத்துல 15ஆம் தேதின்னா எப்படிப்பட்ட நாள்னு சம்பளக் கணக்கு பாக்குற எந்தக் கிராணியைக் கேட்டாலும் சொல்வாங்க. போன மாசச் சம்பளத்துக்கான இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) ரெண்டையும் அன்னிக்குள்ள கட்டியாகணும். தாண்டினா கம்பெனி தாமதக் கட்டணம் கட்டும், நான் முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்குவேன்.

கோலாலம்பூர்ல, வங்சா மாஜுல ஏறி கெரிஞ்சி வரைக்கும் எல்.ஆர்.டி. ரயில்ல நின்னுக்கிட்டே வந்து, பசியாறக்கூட இல்லாம எட்டரைக்கு லேப்டாப்பைத் திறக்கிறேன். உங்க பாஸ்வேர்ட் காலாவதி ஆயிடுச்சாம். ஏன்யா, அது என்ன சார்டின் டின்னா?

(எச்சரிக்கை பல நாளா மூலையில வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஒத்துக்கிறேன். அரையாண்டுக் கணக்கு தலைக்கு மேல நிக்கும்போது அதையெல்லாம் எவன் லா படிப்பான்?)

சரி, புதுசா ஒண்ணு வைப்போம்னு உக்காந்தா ஒரு பெரிய சட்டப் புத்தகமே வருது. 12 எழுத்துக்குக் குறையக்கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்கணும். கடைசி 24 பாஸ்வேர்ட்ல ஒண்ணுகூட திரும்ப வரக்கூடாது. 90 நாளைக்கு ஒரு தடவ கட்டாயம் மாத்தணும், அப்படின்னா வருசத்துக்கு நாலு. அப்போ 24 தீர ஆறு வருசம். இன்னிக்கு நான் ஆசையா வைக்கிற ஒரு பாஸ்வேர்டை மறுபடி பாக்கணும்னா ஆறு வருசம் தவம் கிடக்கணும்.

நான் என்ன செய்வேன்? எல்லாரும் செய்யறதைத்தான். இந்தக் கம்பெனிக்கு வந்த அன்னிக்கு வெச்சது முருங்கைக்காய்@01. (நிஜத்துல வேற காய். அவ்வளவு மடச்சி இல்ல நான்.) அப்புறம் 02, அப்புறம் 03. ரெண்டு வருசம் ஓடிப்போச்சு, அன்னிக்குக் காலையில முருங்கைக்காய்@08 பிறந்துச்சு. சிஸ்டம் பச்சை டிக் போட்டு, "மிக வலிமையானது"ன்னு சர்டிபிகேட் வேற குடுத்துச்சு.

அதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே இல்ல. கைப்பையில கிடந்த போன் ஆபீஸ் இமெயிலுக்கு இன்னும் பழைய 07ஐயே போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கு. அஞ்சு தடவ தப்பாப் போனா அக்கவுண்டை 30 நிமிசம் பூட்டணும்னு இன்னொரு சட்டம். பூட்டிடுச்சு. 30 நிமிசம் கழிச்சு திறந்துச்சு. போன் மறுபடி தட்டுச்சு. மறுபடி பூட்டு. என் அக்கவுண்டை உடைக்க வந்த திருடன் என் கைப்பைக்குள்ளேயே இருக்கான்னு கண்டுபிடிக்கவே பத்தே முக்கால் ஆச்சு.

ஐ.டி.க்கு போன் பண்ணா அந்தத் தம்பி சொல்றாரு: "டிக்கெட் போடுங்க அக்கா, அப்பத்தான் பாக்க முடியும்." டிக்கெட் எங்க போடணும்? லாகின் பண்ணி உள்ளே போய்ப் போடணும். தம்பி, உள்ளே போக முடியாமத்தானே உன்னைக் கூப்பிடுறேன்! கடைசில பக்கத்து மேசை காக் (மலாய்ல அக்கா) தன்னோட லாகின்ல டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க. உடனே தம்பி போன்ல, ஸ்பீக்கர்ல, பத்துப் பேர் காதுல விழுற மாதிரி சொல்றாரு: "வெல்கம், அப்புறம் இந்த வருசம், கடைசில ஆச்சரியக்குறி." ஆபீஸ்ல யாருக்கு ரீசெட் பண்ணாலும் அதே வெல்கம்தான். ஊருக்கே தெரியும். ரகசியம் காக்கப் போட்ட சட்டம், ரகசியத்தை ஒலிபெருக்கி வெச்சுக் கூவுறதுல போய் முடியுது.

காக்கோட கதை தனி. அவங்க மேசை டிராயர்ல ஒரு 555 நோட்டு இருக்கு. அந்தக் காலத்துல மளிகைக் கடைல யார் யார் எவ்வளவு கடன்னு எழுதி வைப்பாங்களே, அதே குட்டி நோட்டுதான். அதுல அரிசி, சீனி இல்ல, அத்தனையும் பாஸ்வேர்ட். பழசை அடிச்சு அடிச்சு, கீழே புதுசு. டிராயருக்குப் பூட்டு கிடையாது. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ரிட்டையர் ஆக மூணு வருசம் இருக்கிற ஒரு மனுசி ஆறு சிஸ்டத்துக்கு ஆறு பாஸ்வேர்டை 90 நாளைக்கு ஒரு தடவ புதுசா மனப்பாடம் பண்ணணும்னா நோட்டு போடாம என்ன பண்ணுவாங்க?

இந்தச் சட்டத்துக்கு ஒரு காலத்துல அர்த்தம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. சர்வர்லேர்ந்து பூட்டி வெச்ச பாஸ்வேர்ட் கோப்பை ஒருத்தன் திருடிட்டான்னா, அதை உடைக்க அந்தக்கால கம்ப்யூட்டருக்கு மாசக்கணக்கு ஆகும். அவன் உடைச்சு முடிக்கிறதுக்குள்ள நீ மாத்திட்டா அவன் கையில மிஞ்சுறது குப்பை. யாருக்கும் தெரியாம ஒருத்தன் உன் அக்கவுண்ட்ல உக்காந்திருந்தாலும், என்னிக்காவது ஒரு நாள் வெளியே தள்ளப்படுவான். இதுதான் கணக்கு. ஆனா அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985ல போட்ட வழிகாட்டிகூட அதிகபட்சம் ஒரு வருசம்னுதான் சொல்லுச்சு.

இன்னிக்குத் திருடன் 90 நாள் பொறுமையா உக்காந்திருப்பானா? என் பாஸ்வேர்ட் கிடைச்சா, அன்னிக்கு மத்தியானமே சப்ளையருக்குப் பேங்க் நம்பர் மாறிடுச்சுன்னு என் பேர்ல ஒரு இமெயில் போட்டு, பணத்தை உருவிட்டுப் போயிடுவான். எனக்கு வர்ற இமெயில் எல்லாம் அவனுக்கும் ஒரு காப்பி போற மாதிரி செட் பண்ணிட்டான்னா, அப்புறம் நான் பாஸ்வேர்டை ஒம்போது தடவ மாத்தினாலும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

என் முருங்கைக்காய் வித்தையையும் எப்பவோ ஆராய்ச்சி பண்ணி முடிச்சுட்டாங்க. 2010ல நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல, ஆயிரக்கணக்கான பழைய அக்கவுண்ட்டுகளோட பாஸ்வேர்ட் வரலாறை எடுத்துப் பாத்தாங்க. பழைய பாஸ்வேர்ட் ஒண்ணு கையில இருந்தா, நூத்துக்கு 17 அக்கவுண்ட்ல அஞ்சு யூகத்துக்குள்ள அடுத்ததைப் பிடிச்சுடலாம். கோப்பைத் திருடி வெச்சு நிதானமா உடைச்சா, 41 சதவீதம் மூணு வினாடிக்குள்ள விழுந்துடுது. 07 தெரிஞ்சவனுக்கு 08 தெரியாதா என்ன!

எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான்: இந்தச் சட்டத்தைப் பரப்பினவங்களே கைகழுவிட்டாங்க. எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாத்துன்னு 2003ல அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக எழுதிக் குடுத்தவர் பில் பர். 2017ல, ரிட்டையர் ஆனப்புறம், அதுல பெரும்பகுதிக்கு இப்போ வருத்தப்படுறேன்னு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்கிட்டே சொன்னாரு. அதே வருசம் நிஸ்ட், காரணம் இல்லாம மாத்தச் சொல்லாதீங்கன்னு திருத்தி எழுதுச்சு. மைக்ரோசாஃப்ட் 2019ல விண்டோஸுக்கான தன்னோட பாதுகாப்புப் பரிந்துரைலேர்ந்தே காலாவதியைத் தூக்கிடுச்சு. 2025ல நிஸ்ட் இன்னும் ஒரு படி மேல போய், கண்டிப்பா கூடாதுன்னே சொல்லிடுச்சு. திருடு போனதுக்கு அறிகுறி இருந்தா மட்டும் மாத்தச் சொல்லு, மத்தபடி நீளமான ஒண்ணை வெச்சுக்க விடு, கசிஞ்சுபோன பாஸ்வேர்ட் பட்டியல்ல இருக்கிறதை வைக்கவிடாதே. சொன்னவரே மனசு மாறிட்டாரு, நம்ம ஆபீஸ் இன்னும் மாறல.

இதையெல்லாம் மத்தியானம் மாமாக் கடைல தே தாரிக் குடிச்சுக்கிட்டே அந்த ஐ.டி. தம்பிகிட்ட கொட்டினேன். பாவம், அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. "தெரியும் அக்கா. ஆனா ஆடிட்டர் லிஸ்ட்ல 90 நாள்னு ஒரு கட்டம் இருக்கே. டிக் இல்லேன்னா மேல கேப்பாங்க."

ஒரு கட்டத்துக்காகவா என் காலைப்பொழுது போச்சு! அந்த ஆடிட்டர் பேன்ட்ரிக்கு வந்தாரா? வைஃபை பாஸ்வேர்ட் அங்க சுவத்துல லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கு, நான் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து அதேதான். ஆறு மாசத்துக்கு முன்னாடி வேலையை விட்டுப்போனவரோட அக்கவுண்ட் இன்னும் உயிரோட இருக்கு, மீட்டிங் அழைப்பு போட்டா அவர் பேரும் வந்து நிக்குது. சம்பள சிஸ்டத்துக்குப் போன்ல வர்ற ரெண்டாவது உறுதிப்படுத்தல் வேணும்னு நான் கேட்டு ஒரு வருசமாச்சு, "பட்ஜெட் இல்ல" லா. இதுக்கெல்லாம் கட்டம் இல்லபோல.

இ.பி.எஃப். சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கட்டி முடிச்சேன். அன்னிக்குப் பசியாறினது அப்பத்தான், ஆறிப்போன ரொட்டி சானாய்.

அடுத்த காலாவதி அக்டோபர் 13. போன்ல இப்பவே நினைவூட்டல் போட்டு வெச்சாச்சு. புது பாஸ்வேர்ட் என்னன்னு யோசிக்கவும் வேண்டியதில்ல. உங்களுக்கே தெரியும்.