விடைக்கு மேலே வடை

"மச்சான், இது உன்ட வடை தானே?" என்று நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். உணவு டெலிவரி ஆப் ஒன்றில், கொழும்பில் ஓரளவு பெயர் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் மெனு. அதில் 'ஸ்பெஷல் இறால் வடை' என்பதற்குப் பக்கத்தில் ஒரு படம்.

என் வடைதான். இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பொயா நாள் மாலை, காலிமுகத்திடலில் எடுத்தது. வண்டிக்காரரின் கை, மோதிர விரலில் ஒரு பழைய வெள்ளி மோதிரம், கையில் யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த தாள், அதன் மேல் வடை. தாளில் பென்சிலால் 'விடை' என்று எழுதி, பக்கத்தில் டீச்சர் சிவப்புப் பேனாவால் சரி போட்டிருந்தார். விடைக்கு மேலே வடை உட்கார்ந்திருக்கிறது என்ற அந்தச் சின்னச் சந்தோஷத்துக்காகத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். முகநூலில் போட்டபோது நாற்பது ஐம்பது பேர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கடைக்காரர்கள் என் பெயர் இருந்த மூலையை வெட்டியிருந்தார்கள். அதோடு நிற்காமல், அடையாளம் தெரியக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, கண்ணாடியில் பார்ப்பது போலப் படத்தை இடம் வலமாகத் திருப்பியும் விட்டார்கள். திருப்பியவருக்குத் தமிழ் தெரியாது போல. தாளில் 'விடை' தலைகீழ்ப் புத்தியில் எழுதியது போலக் கிடந்தது. டீச்சரின் சரியும் இடது பக்கம் சாய்ந்து நின்றது. திருடியதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் தேடினாலும் கிடைத்திருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் நான் செய்யப் பார்த்தது நம் எல்லாரும் செய்வதைத்தான். ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, கடையின் பெயரையும் போட்டு, 'வெட்கமில்லையா' என்று தொடங்கி ஒரு பதிவு எழுதினேன். போஸ்ட் பண்ணப் போகும்போது போன வருடம் நம் படப்பிடிப்பாளர் வட்டத்தில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தம்பியின் படத்தை ஒரு உடுப்புக்கடை எடுத்துப் போட்டது. அவர் திட்டிப் பதிவு போட்டார். நூறு பேர் பகிர்ந்தார்கள், 'கேஸ் போடுங்க ப்ரோ' என்று ஐம்பது பேர் எழுதினார்கள். ஒரு மணித்தியாலத்தில் கடை படத்தைத் தூக்கிவிட்டது. அவ்வளவுதான். தம்பியிடம் இருந்தது ஃபோனில் எடுத்த, லிங்க் தெரியாத, திகதி இல்லாத ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். மூன்று மாதம் ஓசியில் விளம்பரம் செய்த கடைக்கு மொத்தச் செலவு ஒரு டிலீட் பட்டன்.

நாம் திட்டினால் அவர்களுக்கு லாபம் என்பதுதான் என் கட்சி. திட்டு வாங்குவது மலிவு. பில் வந்தால்தான் வியாபாரிக்கு அது ஒரு விஷயம். அதனால் பதிவை அழித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

அன்றிரவு முழுக்க ஆதாரம் சேர்க்கும் வேலைதான். மெனுப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, முழு முகவரியும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட். கடையின் முகநூல் பக்கத்தில் அதே படம் இரண்டு இடத்தில் இருந்தது, அவற்றின் லிங்குகள், போட்ட திகதிகள். இணையத்தளம் இருந்தால், பக்கங்களைத் திகதியோடு சேமித்து வைக்கும் வேபாக் மெஷின் என்ற தளத்தில் பக்கத்தைச் சேமித்து வைக்கலாம், நாம் செய்த திருகுதாளம் இல்லை என்பதற்கு அது மூன்றாம் ஆள் சாட்சி. அடுத்த நாள் நேரே கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். காசாளருக்குப் பின்னால் சுவரில் என் வடை மூன்றடி உயரத்துக்கு நின்றது. அதைப் படம் எடுத்தேன், பிளேன்டீ பில்லையும் பத்திரமாக வைத்தேன். (டீ நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.)

என் பக்கத்து ஆதாரம்: ரோ ஃபைல், அதாவது கமெரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு. அதைவிட முக்கியம், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பதினொரு படங்கள். வடையை வைப்பதற்கு முன்பு வெறும் தாள், வைக்கும்போது கை ஆடிய படம், பின்னணியில் ஒரு பட்டம் வந்து கெடுத்த படம். வரிசையாக அத்தனையும் கையில் இருக்கும் ஆளிடம் 'நீதான் எடுத்தாயா' என்று யாரும் கேட்க முடியாது. முகநூலில் இருந்து இறக்கிய படத்தில் கமெரா விபரம் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும், அதனால் மூலக் கோப்பு உங்களிடம் இருப்பதுதான் பலம். நல்ல படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

இதற்கிடையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், நம் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று. அன்ஸ்பிளாஷ் மாதிரி இலவசப் படத் தளத்தில் நீங்களே ஏற்றியிருந்தால் கதை முடிந்தது. அங்கே போட்ட படத்தை வியாபாரத்துக்கும் எடுக்கலாம், பெயர் போடவும் தேவையில்லை. விக்கிமீடியாவில், நிபந்தனையோடு யாரும் பாவிக்கலாம் என்னும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் போட்டிருந்தால் அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி பெயராவது போட்டிருக்க வேண்டும். ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படம் என்றால், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பொருளாதார உரிமை, அதாவது படத்தை வைத்துக் காசு பார்க்கும் உரிமை, முதலாளிக்கு.

இதில் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். நம் ஆட்களில் பாதிப்பேர் 'நீ பதிவு செய்யவில்லையே' என்பார்கள். இந்த நாட்டில் படத்துக்குப் பதிப்புரிமை வரப் பதிவு தேவையே இல்லை. எடுத்த அந்த நொடியே உரிமை உங்களுடையது. பெரிய கமெராவா, ஃபோனா, நல்ல படமா, மோசமான படமா என்ற கேள்வியும் இல்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அது நிற்கும். இது போக, தார்மீக உரிமை என்று ஒன்று தனியாக இருக்கிறது: பெயர் போடும்படி கேட்கும் உரிமை, உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை. நியாயமான பயன்பாடு என்று சட்டம் விடுவது விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு மாதிரி விஷயங்களுக்கு. வடை விற்க விளம்பரம் போடுவதை அந்த வாசலுக்குள் நுழைக்க முடியாது.

'முகநூலில் பப்ளிக்காகத் தானே போட்டீங்க' என்ற வாதம்தான் எனக்கு அதிகம் எரிச்சல். முகநூலில் போடும்போது நாம் உரிமம் கொடுப்பது அந்த நிறுவனத்துக்கு, தெருவில் உள்ள எல்லாக் கடைக்கும் இல்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது டேனியல் மொரெல் என்ற அந்நாட்டுப் படப்பிடிப்பாளர் தன் படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்தது, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் விநியோகித்தது. ட்விட்டரில் இருந்ததுதானே என்று அங்கேயும் வாதாடினார்கள். 2013 நவம்பரில் நியூயோர்க்கில் ஜூரி அவருக்குக் கொடுக்கச் சொன்னது 12 இலட்சம் டொலர். நமக்கு டொலர் வேண்டாம், வடைக் காசு போதும்.

கடை உரிமையாளருக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. அதுதான் சிக்கலே.

"தம்பி, அது டிசைன் பண்ணுற பொடியன் கூகுள்ல இருந்து எடுத்தது. எங்களுக்குத் தெரியாது."

"சரி அண்ணை, ஆனால் பாவிக்கிறது உங்கட கடை தானே."

"கீழ உங்கட பேரைப் போட்டு விடச் சொல்லுறன். உங்களுக்கும் ஒரு விளம்பரம் தானே?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க வெள்ளவத்தையில எந்த இடம்? அப்பா என்ன செய்யிறவர்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. பெயரைச் சொன்னேன். "அட, அவரின்ட மகனா! கோயில்ல நெடுக சந்திக்கிறனாங்கள்." அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா, "விடடா அப்பன், தெரிஞ்ச ஆக்கள்" என்றார். கொழும்பில் தமிழ் ஆட்களுக்குள் படம் திருடினால் வழக்கு இப்படித்தான் நடக்கிறது. மொரெலின் அப்பாவை ஏஎஃப்பிக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

நான் விடவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. ஒரு பில் அனுப்பினேன், அவ்வளவுதான். ஒரு மெனுப் படத்துக்கு நான் வழக்கமாக வாங்குவது 15,000 ரூபாய். மெனு, முகநூல், சுவர் என்று மூன்று இடத்தில் பாவித்ததால் 45,000. கோபத்துக்கென்று ஒரு சதமும் சேர்க்கவில்லை. கணக்கு எப்படி வந்தது என்று வரிக்கு வரி காட்டக்கூடிய தொகையாக இருந்தால்தான் நாளைக்கு யார் முன்னாலும் நிற்கும். ஆதாரங்களை இணைத்து, 14 நாள் தவணை கொடுத்து, கடிதம் மரியாதையாகவே எழுதினேன். டிசைனர் செய்த தவறு என்றால் அது அவருக்கும் டிசைனருக்கும் இடையிலுள்ள கணக்கு என்று ஒரு வரி. 'பெயர் போடுவது கட்டணத்துக்குப் பதிலாகாது' என்று இன்னொரு வரி. இந்த வரியைக் கொப்பி அடித்துக்கொள்ளுங்கள், உரிமை கேட்க மாட்டேன்.

பத்து நாள் மௌனம். கொடுக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று அந்தப் பத்து நாளில் விசாரித்து வைத்ததைச் சொல்கிறேன். அடுத்த படி சட்டத்தரணி ஒருவர் மூலம் கோரிக்கைக் கடிதம், நம் ஆட்கள் சொல்லும் லெட்டர் ஒஃப் டிமாண்ட். பல பேர் இதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில், கம்பனிப் பதிவாளர் இருக்கும் அதே கட்டடத்தில், தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. அதன் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்தால் பதிப்புரிமைப் பிணக்கை விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்குச் சட்டத்தில் உண்டு. பலருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது.

கடைசியில் வர்த்தக மேல் நீதிமன்றம். பாவிப்பதை நிறுத்தச் சொல்லித் தடையுத்தரவு கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம். நட்டத்தைக் காட்டுவது கஷ்டம் என்றால் அதற்குப் பதிலாகச் சட்டமே குறித்து வைத்த நட்டஈட்டைக் கேட்க 170ஆம் பிரிவு இடம் தருகிறது: 50,000 ரூபாயில் இருந்து 10 இலட்சம் வரை, எவ்வளவு என்பது நீதிமன்றத்தின் முடிவு. வேண்டுமென்றே மீறுவது குற்றமும்கூட, நீதவான் முன் தண்டப்பணமோ சிறையோ வரை போகலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒரு வடைக்காக நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு வருடக் கணக்கில் நடக்க யாருக்கும் மனமோ காசோ இல்லை. அந்தப் பிரிவு இருப்பது கடிதத்தில் எழுதத்தான் அதிகம் உதவுகிறது. கீழ் எல்லையே 50,000 என்று கணக்காளர் வாசித்தால், 45,000 பில் திடீரென்று நியாயமாகத் தெரியும்.

முகநூலில் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, வேலையும் செய்கிறது. டெலிவரி ஆப்களிடமும் எழுதலாம். நான் அதைக் கடைசிக்கு வைத்தேன், காரணம் படம் தூக்கப்பட்டால் அவருக்கு அவசரம் போய்விடும். காசு வேண்டாம், படம் போனால் போதும் என்பவர்கள் முதல் நாளே அதைச் செய்யலாம். ஒன்று மட்டும்: முறைப்பாடு செய்பவரின் பெயரும் மின்னஞ்சலும் மற்றப் பக்கத்துக்குப் போகக்கூடும். தொழிலுக்கென்று ஒரு தனி மின்னஞ்சலை வைத்திருப்பது நல்லது.

ஒரு இடைச்செருகல். இதை எழுதும்போது என் மனச்சாட்சியும் குத்துகிறது. கள்ள ஃபோட்டோஷொப்பில் தொழில் பழகியவன்தான் நானும். கலியாண வீடியோவுக்கு அனுமதி வாங்கிப் பாட்டுப் போட்ட ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். மாதச் சந்தா கட்டத் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகிறது.

பதினோராம் நாள் ஃபோன் வந்தது. பேரம். 45 இல் தொடங்கி 30,000 இல் நின்றது. அதற்கு அந்த மூன்று இடத்திலும் ஒரு வருடம் பாவிக்கலாம், பெயரோடு, திருப்பாமல் என்று எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "படத்தை எடுத்து விடுறம் தம்பி, இனி அதைப் பார்த்தா எனக்கு வடை இறங்காது." காசைக் கணக்குக்குப் போட்டார். கோயிலில் கண்டால் இப்போதும் சிரிக்கிறார், அப்பாதான் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலிமுகத்திடலுக்குப் போய் வடைக்கார அண்ணனிடம் 5,000 ரூபாயை நீட்டினேன். எதற்கு என்றார். அவரின் கை சுவரில் தொங்கிய கதையைச் சொன்னேன். சட்டப்படி கைக்கு ஒன்றும் இல்லை, படம் எடுத்தவனுக்குத்தான் எல்லாம். அது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. அவர் காசை வாங்கி வைத்துவிட்டு, "அந்தக் கடையில வடை என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நேற்று சும்மா அந்த மெனுவைத் திறந்து பார்த்தேன். என் படம் இல்லை. அந்த இடத்தில் வேறு ஒரு இறால் வடை, வாழையிலை மேல், பின்னால் தென்னை மரம். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். இரண்டாவது முடிவிலேயே பினாங்கில் உள்ள ஒரு படப்பிடிப்பாளரின் பக்கம் வந்தது, மூலையில் அவருடைய பெயரோடு. முழு முகவரியும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.